பிசுக்கு

பெரியவளுக்கு வலது முட்டிதான் முதலில் விழிக்கும். கண் அதற்கப்புறம். மழைக்காலத்தில் இருட்டு விலகும் முன்பே, துருப்பிடித்த கீலை யாரோ உள்ளே திறந்து திறந்து மூடுவதுபோல ஆரம்பித்துவிடும். காலை மடக்கினால் ஒரு வலி, நீட்டினால் வேறொரு வலி. அடியில் தலையணையைக் கொடுத்துப் பாதி மடக்கி வைத்தால் இரண்டுக்கும் நடுவே மூச்சுவிட ஒரு இடம் கிடைக்கும். அங்கே கொஞ்சம் கிடந்துவிட்டு, சுவரைப் பிடித்து எழுந்து, அடுப்படிக்குப் போய் வெந்நீர் போடுவாள். வெந்நீர் தங்கைக்கு.

சின்னவள் முந்தின நாள் ஆடிய உடுப்போடு குப்புறக் கிடப்பாள். அவளை எழுப்பி உட்காரவைத்து, இரண்டு காலையும் உப்புப் போட்ட வாளிக்குள் இறக்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். பெருவிரல் நகம் இரண்டும் கறுத்திருந்தன. ஒன்று தூக்கிக்கொண்டு நின்றது. குதிகாலில் பழைய கொப்புளத்தின் மேல் புதுக் கொப்புளம். பெரியவள் பிளேடால் செத்த தோலை நறுக்கி, நகத்தை பிளாஸ்திரி போட்டு இறுக்குவாள். இறுக்கும்போது சின்னவள் அரைத் தூக்கத்திலேயே பல்லைக் காட்டுவாள். வலித்தால் சிரிக்க வேண்டும் என்று அந்தத் தொழிலில் பழக்கியிருந்தார்கள். வாய் காய்ந்து உதடு பல்லில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் பல்லுக்கு வாசலின் தடவிக்கொண்டு மேடையேறுகிற தொழில் அது.

அம்மா கட்டட வேலைக்குக் கல் சுமந்தவள். மகள்கள் இருவரின் கால்களையும் பார்த்துவிட்டுத் தினம் ஒன்று சொல்வாள்.

"நான் செங்கல் சுமந்தேன். கழுத்து போச்சு. சரி, கல்லு கனம். நீங்க காத்தைத்தானேடி தூக்குறீங்க, உங்களுக்கு எப்படி முட்டி போகுது?"

"காத்து உன் கல்லைவிட கனம்மா," என்பாள் சின்னவள், கண்ணைத் திறக்காமலே.

வீடு மரப்பட்டறைக்கு மேலே இரண்டு அறை. கீழே வாள் ஓட ஆரம்பித்தால் டம்ளரில் தண்ணீர் நடுங்கும். தகரக் கூரையில் மழை விழுந்தால் பட்டறைச் சத்தம் கேட்காது, பட்டறை ஓடினால் மழைச் சத்தம் கேட்காது. இரண்டில் ஒன்று எப்போதும் இருந்தது.

அக்கா தங்கை இருவருக்கும் சோறு போட்டது ஒரே குரூப். விழாக்களுக்கும் கம்பெனிக் கொண்டாட்டங்களுக்கும் மேடையில் ஆடுகிற குரூப். நடுவில் ஒரு ஆள் ஆடும், பின்னால் வரிசை வரிசையாக மற்றவர்கள். குரூப்புக்குச் சொந்தக்காரர் மாஸ்டர். காலையில் சிமெண்டுத் தரையில் ஒத்திகை, சாயங்காலம் ஷோ. நேற்றைய வியர்வை காயாத உடுப்பை இன்றைக்கும் மாட்ட வேண்டும். ஜிகினா அக்குளை அறுத்து, அறுத்த இடத்தில் உப்பு இறங்கும். பல இடங்களில் கக்கூஸ் இருக்காது என்பதால் பெண்கள் மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிக்கமாட்டார்கள். அப்புறம் மேடையில் கெண்டைக்கால் சுருட்டிப் பிடிக்கும். பிடித்தால் மாஸ்டர் கையில் எப்போதும் ஒரு ஸ்ப்ரே இருக்கும். அடித்தால் மரத்துப்போகும். மரத்த காலை வைத்துக்கொண்டு ஆடலாம். எங்கே கிழிகிறது என்பது மறுநாள்தான் தெரியும்.

தரை என்று ஒன்று இருக்கிறது. பார்க்க வருகிறவர்களுக்கு அது கண்ணில் படுவதில்லை. வாடகை மேடைக்குப் பளபளவென்று ஒரு ஷீட்டை விரித்துவிடுவார்கள். வெளிச்சம் விழுந்தால் குளம் மாதிரி மின்னும். அதில் ஷூ போட்டுக்கொண்டு குதித்தால் எலும்பு மிஞ்சாது. அதனால் ஷோவுக்கு முன்னால் காற்றுப்போன கலர் சோடாவைத் தண்ணீரில் கலந்து, துணியில் நனைத்து, மேடை முழுக்க ஒரு பூச்சு பூசுவார்கள். காய்ந்தால் லேசாகக் காலைப் பிடிக்கும். அதற்குப் பிசுக்கு போடுவது என்று பெயர். தண்ணீர் கூடினால் வழுக்கும், சர்க்கரை கூடினால் கால் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். வழுக்குகிற தரை ஆளைக் கீழே தள்ளும். ஒட்டுகிற தரை ஆளை நிற்கவைத்து முட்டியை மட்டும் திருகும்.

பெரியவள் முன்வரிசையில் ஆடிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு மழை நாளில், பிசுக்கு போட வேண்டாம் என்றார் மாஸ்டர். காசு கொடுக்கிறவர்களுக்குத் தரை மின்ன வேண்டும், கேமராவில் திட்டுத் திட்டாகத் தெரியும் என்று காரணம் சொன்னார். பெரியவளுக்கு ஏற்கெனவே முட்டி வீங்கியிருந்தது. வழுக்குது மாஸ்டர் என்று சொன்னவளும் அவள்தான். ஆட்டம் தெரிஞ்சவளுக்கு எந்தத் தரையும் வழுக்காது என்று சொல்லி, குனிந்து, அவரே முட்டிக்கு ஸ்ப்ரே அடித்துவிட்டார். எல்லாரும் பார்க்க, தகப்பன் மாதிரி.

பாட்டின் நடுவில் ஒரு குதிப்பு. இறங்கிய இடது கால் வழுக்கி முன்னால் போனது, வலது முட்டி உடம்புக்கு அடியில் மடங்கித் திருகியது. கோழிக்கால் முறிகிற மாதிரி ஒரு சத்தம் அவளுக்கு மட்டும் கேட்டது. பாட்டு நிற்கவில்லை. பின்வரிசைக்காரி அவளைத் தாண்டி வந்து ஓட்டையை அடைத்தாள். அதுதான் பழக்கம், அதில் தப்பில்லை. பெரியவள் ஓரத்தில் நின்ற மாஸ்டரைப் பார்த்தாள். அவர் உள்ளங்கையைக் கீழே காட்டி இரண்டு சுற்றுச் சுற்றினார். உருளு என்று அர்த்தம். அவள் சிரித்துக்கொண்டே உருண்டாள். மேடையின் பின்பக்கம் அட்டையில் செய்த மலைக்குப் பின்னால் போய்ச் சேரும்வரை வாயை மூடவில்லை.

அதையும் அவள் பொறுத்திருப்பாள். ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த குரூப்பிடம், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே மாஸ்டர் சொன்னார்.

"தப்புக் கால்ல இறங்கிட்டா. இடது கால்னு ஆயிரம் தடவை சொல்லிக் கொடுத்தது."

அன்றிலிருந்து அவளுக்குப் பெயர் தப்புக்கால். புதிதாகச் சேர்கிற பெண்கள் அது ஏதோ செல்லப் பெயர் என்று நினைத்துக்கொண்டு, தப்புக்கால் அக்கா, ஊசி இருக்கா, தப்புக்கால் அக்கா, பின் இருக்கா என்று கேட்பார்கள். அவளும் எடுத்துக் கொடுப்பாள். ஆட முடியாதவளை மாஸ்டர் தள்ளிவிடவில்லை, பெரிய மனசு, வேலை போட்டுக் கொடுத்தார் என்று வெளியில் பேச்சு. போட்டுக் கொடுத்த வேலை என்ன? உடுப்பு மூட்டை தூக்குவது, தரைக்குப் பிசுக்கு போடுவது.

அவளை வழுக்கிவிட்ட தரைக்கே அவளை வேலைக்காரி ஆக்கினார்.

இந்த வேலையை ஏன் விடமாட்டேன் என்கிறாய் என்று அம்மா பலமுறை கேட்டிருக்கிறாள். சின்னவளைத் தனியாக விடப் பயம் என்று பெரியவள் சொல்லிவைத்திருந்தாள். அது பாதி உண்மை. மீதிப் பாதிக்கு அவள் காத்திருந்தாள்.

காத்திருந்தது ஒருநாள் தானாகவே வந்தது. குரூப்பில் ஆட்களைத் தூக்கிப் பிடிக்கிறவன் ஒருவன் உண்டு. அவனுக்குப் பெயர் கிரேன். இடுப்பில் பெல்ட் இல்லாமல் அவன் குனிந்து யாரும் பார்த்ததில்லை. அவன்தான் உடுப்பு மூட்டையை இறக்கிக்கொண்டே செய்தி சொன்னான். குரூப் தொடங்கிய நாளைக் கொண்டாட மாஸ்டரே மேடையேறப் போகிறாராம். நடு மார்க்கில் அவர், தனியாக, ஒரே இடத்தில் நின்று ஒற்றைக்காலில் சுற்று. அதற்கப்புறம்தான் மற்றவர்கள் வருவார்கள்.

"வயித்தைப் பாத்தியாக்கா அந்தாளுக்கு? அவர் சுத்தினா பின்னாடி வயிறு தனியா ஒரு கவுண்ட் லேட்டா வரும்."

பெரியவள் சிரித்தாள். வெகுநாளைக்குப் பிறகு வாசலின் இல்லாமல் சிரித்த சிரிப்பு அது.

நடு மார்க் என்பது மேடையின் மத்தியில் டேப்பால் ஒட்டிய ஒரு சிலுவைக்குறி. அதில் யாருக்கு இடமோ அவரைத் தவிர இன்னொருத்தர் கால் படக் கூடாது. அவசரத்துக்குக் குறுக்கே ஓடுகிறவர்கள்கூட அதைச் சுற்றித்தான் ஓடுவார்கள். மாஸ்டரே போட்ட சட்டம். தவறி மிதித்த ஒரு பெண்ணைத் தோப்புக்கரணம் போடவைத்திருக்கிறார். ஆக, அந்தக் கையகல இடத்தில் என்ன பூசினாலும் அது அவர் ஒருத்தருக்கு மட்டும்தான்.

அவள் வீட்டில் சோடாவைச் சர்க்கரை போட்டுக் காய்ச்சினாள். அடுப்படித் தரையில் ஒரு ஓரமாகத் தடவிக் காயவைத்து, அம்மாவின் பழைய செருப்பை மாட்டிக்கொண்டு, நல்ல காலை வைத்து மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். முதல் தடவை சரக்கென்று வந்துவிட்டது. இன்னும் காய்ச்சினாள். இரண்டாவது தடவை இடுப்பு திரும்பியது, செருப்பு திரும்பவில்லை. சட்டென்று நிறுத்திக்கொண்டாள். முட்டியில் எந்த இடத்தில் இழுக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

மறுநாள் அடுப்படி முழுக்க எறும்பு. அம்மா துடைப்பத்தோடு நின்றாள்.

"ஏன்டி, எறும்புக்கு யாரு கல்யாணம் வச்சது?"

கை தவறிக் கொட்டிவிட்டது என்றாள் பெரியவள். வெறுங்காலோடு வந்த சின்னவள் அந்த இடத்தை மிதித்துவிட்டு நின்றாள். காலைப் பிய்த்து எடுத்தாள். உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தாள்.

"என்னக்கா இது, ஆளையே பிடிச்சு வைக்குது."

அக்கா அம்மாவின் கையிலிருந்து துடைப்பத்தை வாங்கிக்கொண்டாள். சின்னவள் அதற்குமேல் கேட்கவில்லை. அவளுக்கு ஒத்திகைக்கு நேரமாகிவிட்டது.

ஷோ நாளில் காலையிலிருந்தே மழை. சாயங்காலம் போனபோது மண்டபத்துக்குப் பின்பக்கம் கணுக்கால் சேறு. பெரியவள் தோளில் உடுப்பு மூட்டை, கையில் வாளி, பைக்குள் இரண்டு பாட்டில், ஒரு பிளாஸ்க். பிளாஸ்க்கில் சின்னவளின் காலுக்கு வெந்நீர். ஆட்டம் முடிந்த உடனே ஒத்தடம் கொடுத்தால்தான் மறுநாள் ஷூவுக்குள் கால் போகும் என்று அம்மா ஊற்றிக் கொடுத்தது.

திரை மூடியிருந்தது. மேடையில் அவள் மட்டும். பெரிய துணியை நனைத்துப் பிழிந்து, பின்னாலிருந்து முன்னால், வரிசை வரிசையாகப் பிசுக்கு போட்டுக்கொண்டு வந்தாள். முட்டி போட அவளால் முடியாது. ஒரு காலை நீட்டி, ஒரு காலில் குந்தி, நண்டு மாதிரி நகர்ந்து நகர்ந்து பூசுவாள். பின்வரிசைக்கு அளவாக, முன்வரிசைக்கு அளவாக. குதித்து இறங்குகிற இடத்தில் தங்கைக்கென்று ஒரு கை கூடுதல் கவனம். நடு மார்க்குக்கு வந்ததும் இரண்டாவது பாட்டிலைத் திறந்தாள். தேன் மாதிரி இறங்கியது. சிலுவைக்குறியின் மேல் வட்டமாகத் தடவிவிட்டு, மேலே தெரியாமல் இருக்க அட்டையால் விசிறிக் காயவைத்தாள்.

விசிறும்போது அவள் பெரிதாக ஒன்றும் நினைக்கவில்லை. அவர் விழுந்ததும் ஓரத்தில் நின்று உள்ளங்கையைக் கீழே காட்டி இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும், அவ்வளவுதான். அவர் அதைப் பார்க்க வேண்டும். சிரித்துக்கொண்டே உருள வேண்டும்.

பூச்சு போட்டபின் யாரும் மேடையில் நடக்கக் கூடாது. அதனால் கடைசி நேர மாற்றமெல்லாம் ஓரத் திரைக்குப் பின்னால் கூடி நின்று பேசிக்கொள்வார்கள். பெரியவள் அந்தக் கூட்டத்தில் இல்லை. பின்பக்கக் குழாயடியில் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தபோது சின்னவள் மூட்டைமேல் உட்கார்ந்து ஷூ கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் பூசியதையும் தாண்டி ஒரு சிவப்பு.

"அக்கா, நடு மார்க் எனக்காம்."

"யாருக்கு?"

"எனக்குத்தான். மாஸ்டருக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு. ஓரமா நின்னு கைய மட்டும் காட்டுறாராம். அந்தச் சுத்து முழுக்க நீ ஆடுன்னுட்டார். இப்பத்தான் சொன்னார்." கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள். "நகத்தை நல்லா கட்டிவிட்டேல்ல? பிச்சு எடுக்கப்போறேன் பாரு."

இந்த இடத்துக்கு வர சின்னவள் எத்தனை வாளி வெந்நீரில் கால் வைத்தாள் என்று அக்காவுக்குத்தான் தெரியும். ஆடாதே என்று சொன்னால் ஏன் என்பாள். ஏன் என்று சொல்ல நேரமில்லை. திரைக்கு முன்னால் மைக்கைப் பிடித்தவர் கடைசி வாழ்த்தை வாசித்துக்கொண்டிருந்தார். அது முடிந்தால் திரை விலகும்.

பெரியவள் பைக்குள் கையைவிட்டுப் பிளாஸ்க்கை எடுத்தாள். காய்ச்சிய சர்க்கரை பச்சைத் தண்ணீருக்கு வராது. வாளித் துணியைப் பிடுங்கிக்கொண்டு மேடையில் இறங்கினாள். பூச்சின் மேல் அவள் செருப்பு ஒவ்வோர் அடிக்கும் சப்பு சப்பென்றது. ஓரத்தில் நின்றவர்கள் ஏய், ஏய் என்று அடிக்குரலில் கூப்பிட்டார்கள். நடுவுக்குப் போனவள் நண்டாக நகரவில்லை. இரண்டு முட்டியையும் போட்டு உட்கார்ந்தாள். அடிபட்ட நாளிலிருந்து அந்த முட்டியை அவள் தரையில் வைத்ததில்லை. வலி இடுப்புவரை ஏறி, காதில் வந்து அடைத்தது. வெந்நீரை ஊற்றித் தேய்த்தாள். முதல் தேய்ப்பில் துணியே ஒட்டிக்கொண்டது. மறுபடி ஊற்றினாள். பிளாஸ்க்கைக் கவிழ்த்து கடைசிச் சொட்டுவரை ஊற்றினாள். விரல் கொப்பளித்தது. தேய்த்தாள்.

திரைக்கு அந்தப் பக்கம் கைதட்டு கேட்டது.

அவள் நிமிர்ந்தபோது ஓரத்தில் மாஸ்டர் நின்றார். ஜரிகைச் சட்டை, ஒரு கை இடுப்பில். இன்னொரு கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழே காட்டி, இரண்டு சுற்றுச் சுற்றினார்.

உருளு.

பெரியவள் அவரைப் பார்த்துக்கொண்டே மேல்சட்டையைக் கழற்றினாள். உள்ளே இருந்த பனியனோடு குனிந்து, சட்டையால் அந்த வட்டத்தை உலர்த் துடைத்தாள். வாளித் துணியின் ஈரத்தால் அளவான பூச்சு ஒன்றை மேலே இழுத்தாள். ஊதினாள். உள்ளங்கையை வைத்து அழுத்தித் திருப்பிப் பார்த்தாள். பிடித்தது, விட்டது. அதற்கப்புறம்தான் எழுந்தாள். எழ முடியவில்லை. கிரேன் ஓடி வந்து, பூச்சாவது மண்ணாவது என்று அவளை அப்படியே இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு ஓரத்துக்குப் போனான். திரை விலகியது.

சின்னவள் நடு மார்க்கில் நின்று சுற்றினாள். சுற்றிக்கொண்டே இருந்தாள். கால் பிடித்த இடத்தில் பிடித்தது, விட்ட இடத்தில் விட்டது. பெரியவள் மூட்டைமேல் கிடந்து, தங்கையின் முகத்தைப் பார்க்காமல் முட்டியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாட்டு முடிந்து எல்லாரும் மூச்சிரைக்க ஓரத்துக்கு வந்தார்கள். மாஸ்டர் கடைசியாக வந்தார். வந்தவர் நேராக வாளியிடம் போய்த் துணியை எடுத்தார். இரண்டு விரலால் தேய்த்தார். விரல்கள் ஒட்டிக்கொண்டு பிரிந்தன. அந்த விரல்களையே கொஞ்ச நேரம் பார்த்தார். அவரும் ஒரு காலத்தில் பிசுக்கு போட்டு மேலே வந்தவர்தான்.

"இது எனக்கா?"

"உங்களுக்குத்தான் மாஸ்டர்."

ஒரு பெண் பாதி கழற்றிய ஷூவோடு நின்றாள்.

"சோறு போட்ட கைக்குச் செய்யிற வேலையா இது? நாளையிலிருந்து நீ இந்தப் பக்கம் வராதே. இல்ல, இப்பவே போலீஸ்ல சொல்றேன்."

"சொல்லுங்க. நானும் வர்றேன். எனக்கு முட்டி போன அன்னைக்குத் தரைக்கு ஒண்ணும் போட வேண்டாம்னது யாருன்னு அங்க கேப்பாங்க. நீங்க தப்புக் கால்னு சொல்லுங்க."

மாஸ்டர் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். கிரேன் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டே, குனிந்த தலை நிமிராமல் சொன்னான்.

"வேண்டாம்னது மாஸ்டர்தான். நான் பக்கத்துல நின்னேன். அக்கா இடது கால்லதான் இறங்குச்சு. சரியான கால்தான். தரைதான் தப்பு."

அவ்வளவு வருஷமும் அதை அவன் பெல்ட்டுக்குள் வைத்திருந்திருக்கிறான்.

சின்னவள் மூட்டையோரம் உட்கார்ந்திருந்தாள். ஷூவைக் கழற்றி, உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள், அன்றைக்கு அடுப்படியில் பார்த்த மாதிரி. பிறகு அக்காவின் கொப்பளித்த விரல்களைப் பார்த்தாள். அக்கா அடி வாங்கத் தயாரானவள்போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல," என்றாள் சின்னவள். "இடுப்புக்கு நானே ஸ்ப்ரே அடிச்சு மாஸ்டரை நடுவுல நிக்க வச்சிருப்பேன்."

பின்னால் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். சின்னவள் மாஸ்டர் பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை.

"அக்கா வராதுன்னா நானும் வரலை மாஸ்டர். நாளைக்கு ஷோவுக்கு நடு மார்க்ல நீங்களே நில்லுங்க. பிசுக்கும் நீங்களே போட்டுக்கோங்க."

மறுநாள் ஷோவுக்கு முன்பணம் வாங்கியாகிவிட்டது, இன்று கைதட்டு வாங்கிய பெண்ணைத்தான் நாளைக்கும் கேட்பார்கள் என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். மாஸ்டர் துணியை வாளிக்குள் போட்டார். விரலைச் சட்டையில் துடைத்தார். பிசுக்கு போகவில்லை.

"உனக்கு இப்ப என்னதான் வேணும்? பணமா?"

"உங்க பணத்துக்கு நான் என்ன பண்றது? முட்டியத்தான் கேக்குறேன், முட்டியக் குடுங்க."

அவர் சிரித்துப் பார்த்தார். கூடச் சிரிக்க ஆள் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பிளாஸ்க்கைக் குலுக்கிப் பார்த்தாள். காலி. சின்னவளின் கால் வீங்கியிருந்தது, ஒத்தடம் கொடுத்த மாதிரித் தெரியவில்லையே, வெந்நீரை என்னடி செய்தீர்கள் என்று கேட்டாள். தரை குடித்துவிட்டது என்றாள் சின்னவள். பிறகு அவள் அக்காவின் வலது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். முட்டி பெரிய ரொட்டி மாதிரி உப்பியிருந்தது. அம்மா பார்த்துவிட்டு, மறுபடி அடுப்பைப் பற்றவைத்தாள்.

பெரியவள் இப்போதும் அந்த வேலைக்குத்தான் போகிறாள். யாரும் அவளைத் தப்புக்கால் என்று கூப்பிடுவதில்லை. மாஸ்டர் அதற்கப்புறம் நடு மார்க்கில் ஆடியதில்லை. ஒத்திகைக்கு மேடையேறும்போதுகூட முதல் அடியை வைக்காமல், செருப்பு நுனியால் தரையைத் தேய்த்துப் பார்ப்பார். ஒரு தடவை, இரண்டு தடவை. அப்புறம் வாளியோடு ஓரத்தில் குந்தியிருப்பவளைப் பார்ப்பார். அவள் தலையை ஆட்டவும் மாட்டாள், முகத்தைத் திருப்பவும் மாட்டாள். பார்த்துக்கொண்டே துணியைப் பிழிவாள்.

அவர் அவளுக்கு ஒரு வலது முட்டி தர வேண்டும். இன்னும் தரவில்லை.